பூமராங் வாக்கரும் நம்ம ஐப்பசி மழையும்

ஈ.சி.இ. மக்களுக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே அறிமுகம். டி.எஸ்.பி. பேப்பரில் யூல்-வாக்கர் சமன்பாடுகள் என்று ஒன்று வரும். யூல் யார், வாக்கர் யார் என்று யாரும் கேட்பதில்லை. படிச்சோமா, எழுதினோமா, அடுத்த யூனிட்டுக்குப் போனோமா என்று போய்விடுவோம். ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களும் ஒரு வாக்கரைத் தாண்டி வந்திருப்பார்கள். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜனுக்காக 1913ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர். அப்புறம் ஒவ்வொரு அக்டோபரிலும் டிவியில் எல் நினோ, லா நினா என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா, அந்தக் கதையின் தொடக்கத்திலும் ஒரு வாக்கர் இருக்கிறார்.

மூணு பேரும் ஒரே ஆள்தான். சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர்.

அவர் கதைக்குப் போகும் முன் மயிலாப்பூர் வரை வந்துவிட்டுப் போகலாம். பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாக ஒரு கால்வாய் கூடவே வரும், பக்கிங்காம் கால்வாய். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு, கஞ்சிக்கு வழியில்லாமல் நிவாரண வேலைக்கு வந்தவர்கள். தாத்தா பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதேதான். 1876ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த வருஷம் தென்மேற்கும் பொய்த்தது. மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். விளைந்த தானியம் கப்பலேறிப் போனதும், அரசு நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டியதும் சாவுகளுக்குக் காரணம் என்பது உண்மை. பஞ்சத்தை மழை மட்டும் உண்டாக்குவதில்லை. ஆனாலும் மழை வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்தால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் அரசுக்கு வந்தது அந்தப் பிணங்களைப் பார்த்த பிறகுதான்.

இந்திய வானிலைத் துறை அதற்குச் சற்று முன், 1875ல்தான் தொடங்கியிருந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இமயமலையில் பனி அதிகம் விழுந்த வருஷங்களில் அடுத்து வரும் மழை குறைகிறது என்று கண்டுபிடித்து, அதை வைத்து முன்கணிப்பு சொல்ல ஆரம்பித்தார். சில வருஷம் நன்றாகவே பலித்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் இன்னும் பல காரணிகளைச் சேர்த்து, பக்கம் பக்கமாக முன்கணிப்பு எழுதினார். 1899ல் அது மோசமாகத் தவறியது; மறுபடி பெரும் பஞ்சம், பத்திரிகைகளில் கேலி. எலியட் ஓய்வுபெறும் நேரத்தில், தனக்குப் பின் வானிலை ஆள் வேண்டாம், நல்ல கணக்கு ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார். வாக்கருக்கு வானிலையில் முன் அனுபவம் கிடையாது. இன்றைய ஹெச்.ஆர். யாராவது அந்த ரெஸ்யூமைப் பார்த்திருந்தால் முதல் ரவுண்டிலேயே தூக்கிப் போட்டிருப்பார்.

வாக்கர் 1868ல் இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889ல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று சீனியர் ராங்ளர் ஆனார். அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட தேசிய கௌரவம். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. படிப்புச் சுமையில் உடம்பும் மனசும் உடைந்து, சில குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் ஓய்விலேயே கழிக்க வேண்டியதாயிற்று. அங்கே ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டார். செமஸ்டருக்கு செமஸ்டர் நம்மைச் சுற்றி இதையே பார்க்கிறோம் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசில்லை.

திரும்பி வந்தவர் கல்லூரிப் புல்வெளியில் பூமராங் வீச ஆரம்பித்தார். நம்ம ஊர் வளரிக்கு ஒருவகையில் சொந்தக்காரன். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், இவர் அது ஏன் திரும்புகிறது என்று கணக்குப் போட்டார். சுழலும் பலகையின் ஒரு கை காற்றை எதிர்த்து வேகமாகவும், மறு கை மெதுவாகவும் போகிறது. அதனால் இரண்டு பக்கமும் தூக்குவிசை சமமாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம் சுழலும் பம்பரத்தின் அச்சைத் திருப்புவதுபோல் அதன் பாதையையே வளைத்துவிடுகிறது. 1897ல் இது ராயல் சொசைட்டி வெளியீட்டில் கட்டுரையாக வந்தது. நண்பர்கள் அவருக்கு பூமராங் வாக்கர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புல்லாங்குழலின் வடிவத்தைத் திருத்துவதிலும் ஆர்வம் உண்டு. ஆக, கையில் கிடைத்த எதையும் ஏன், எப்படி என்று குடையும் ஜாதி.

1904 தொடக்கத்தில் இந்தியாவில் பொறுப்பேற்றார். ஒன்றைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். காற்றுமண்டலத்தின் இயக்கச் சமன்பாடுகளை எழுதி, அவற்றைத் தீர்த்து, அடுத்த ஜூன் மாத மழையைச் சொல்ல அன்றைக்கு வழியே இல்லை. எழுதலாம், தீர்க்க முடியாது. கணிதமேதை என்று கூட்டி வந்த ஆள், தனக்குக் கைவந்த முறையை ஓரமாக வைத்துவிட்டு, புள்ளிவிவரத்தைக் கையில் எடுத்தார். உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம் என எண்களை வரவழைத்தார். ஆஸ்திரேலியாவின் டார்வின், ஹவாயின் ஹொனலுலு, தென்னமெரிக்காவின் துறைமுகங்கள், நைல் நதி என்று எதையும் விடவில்லை. இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, கையாலேயே ஒன்றுக்கொன்று ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டர் என்பது அன்றைக்கு மனிதர் பார்த்த ஒரு வேலையின் பெயர். நாம் பைதானில் ஒரு வரியில் முடிப்பதை அவர்கள் வாரக்கணக்கில் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அதுதான்.

வாக்கரின் உண்மையான பெருமை கோரிலேஷன் கண்டுபிடித்ததில் இல்லை. கண்டுபிடித்ததைச் சந்தேகப்பட்டதில் இருக்கிறது. நூறு காரணிகளை மழையோடு ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதற்குமே மழையோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும், இருபதில் ஒன்று என்ற எல்லையில் சோதித்தால் ஐந்து காரணிகள் தற்செயலாகவே தேறிவிடும். அந்த ஐந்தை மட்டும் எடுத்துக் காட்டினால் பார்ப்பவருக்குப் பிரமாதமாகத் தெரியும். பலவற்றைத் தேடி ஒன்றைப் பொறுக்கும்போது அந்த ஒன்றுக்குத் தேர்வு இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்று 1914லேயே எழுதி, எவ்வளவு கடுமை என்பதற்குக் கணக்கும் கொடுத்தார். மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டில் ஐம்பது ஃபீச்சர் போட்டு, அக்யூரஸி வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

1913 பிப்ரவரியில் அலுவல் பயணமாக மெட்ராஸ் வந்தார். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு அப்போது ஒரு பிரச்சினை. அவர் ஆபீசில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை செய்யும் ராமானுஜன் என்ற பையன் எழுதிவைத்திருக்கும் கணக்குகள் மேதையின் வேலையா, கிறுக்கா என்று இங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம்ம கிண்டி காலேஜ், அன்று சேப்பாக்கத்தில் இருந்த என்ஜினியரிங் காலேஜின் சிவில் பேராசிரியர் கிரிஃபித் கூட லண்டனுக்கு எழுதிக் கேட்டிருந்தார். ஊருக்கு ஒரு சீனியர் ராங்ளர் வந்திருக்கிறார் என்றால் விடுவார்களா? ராமானுஜனின் வேலையை வாக்கரிடம் காட்டினார்கள்.

வாக்கர் மறுநாளே, பிப்ரவரி 26 அன்று, பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞனின் சிந்தனை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெல்லோவுக்கு ஒப்பானது என்பது அதன் சாரம். தன்னுடைய துறை வேறு, இந்த வகைக் கணிதத்தில் முழுமையான தீர்ப்பு சொல்லத் தனக்குத் தகுதி போதாது என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் பையன் சில வருஷம் சோற்றுக் கவலை இல்லாமல் கணக்கு மட்டும் போட வழிசெய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டிகிரி இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடமில்லை. ஆனாலும் மே 1913 முதல் மாதம் 75 ரூபாய் கிடைத்தது. ஹார்டியின் கடிதமும் அதே சமயத்தில்தான் வந்தது, பல பேர் சேர்ந்து தள்ளிய தேர் அது. ஆனாலும் ஊரில் நேரில் வந்து பார்த்துச் சொன்ன பெரிய ஆள் வாக்கர். நிரூபணம் இல்லாமல் முடிவுகளை மட்டும் எழுதிவைத்தவர் ராமானுஜன். காரணம் தெரியாமல் உறவுகளை மட்டும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர் வாக்கர். ஒருவர் நோட்டை இன்னொருவர் புரட்டிய அந்த நாளை நினைத்துப் பார்க்க ஜாலியாக இருக்கிறது.

இருபது வருஷ அட்டவணைகளின் பலன் 1923, 24ல் வந்த கட்டுரைகளில் வெளிப்பட்டது. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் கூடும்போது, ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. பல ஆயிரம் மைல் நீளமுள்ள சீசா பலகை மாதிரி. இதன் சாயலை லாக்யர் போன்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். வாக்கர் அதை உலக அளவில் அளந்து, தென் அலைவு என்று பெயர் வைத்தார். வட அட்லாண்டிக் அலைவு, வட பசிபிக் அலைவு என்று இன்னும் இரண்டையும் அடையாளம் காட்டினார். ஐரோப்பாவின் குளிர்காலம் மழையா பனியா என்று பேசும்போது இன்றும் இழுக்கப்படும் வட அட்லாண்டிக் அலைவு, இந்திய மழையைத் தேடிப் போனவர் வழியில் கண்டெடுத்தது.

அதே வருஷங்களில் மெட்ராஸில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1923 முதல் புது நகர் ஒன்றை எழுப்பினார்கள். அதுதான் தி.நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்.

1924ல் வாக்கர் ஓய்வுபெற்று, சர் பட்டத்தோடு லண்டன் திரும்பி, இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியரானார். டார்வினின் காற்றழுத்தத்தில் ஒளிந்திருக்கும் சுழற்சி உண்மையா, கண்ணுக்கு மட்டும் தெரியும் மாயையா என்று சோதிக்க 1931ல் அவர் எழுதிய கணக்கில் இருந்து வந்ததுதான் நம்ம யூல்-வாக்கர். யூல் அதற்குச் சில வருஷம் முன்பு சூரியப் புள்ளிகளுக்காகத் தொடங்கியதை இவர் விரிவாக்கினார். இன்று உங்கள் செல்போன் குரலைச் சுருக்கி அனுப்புவதில் அதே வகைக் கணக்கு ஓடுகிறது.

கொடுத்த வேலையில் மட்டும் அவருக்குத் திருப்தியான வெற்றி இல்லை. தென்மேற்குப் பருவமழைக்கு அவர் அமைத்த சூத்திரங்கள் சில வருஷம் பலித்தன, சில வருஷம் காலை வாரின. நன்றாக இருந்த கோரிலேஷன்கள் பின்னாளில் தேய்ந்தன. முன்னறிவிப்பு என்று அடித்துச் சொல்லாமல், வரப்போவதன் நிழல் மட்டும் தெரிகிறது என்ற பொருளில் வேறொரு சொல்லையே அவர் பயன்படுத்தினார். பின்னாளில் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்ட் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். இந்திய மழையை முன்கூட்டிச் சொல்ல உலக வானிலை அவ்வளவாக உதவவில்லை. ஆனால் இந்திய மழை, அதற்குப் பின்னால் வரும் உலக வானிலையை நன்றாகவே சொல்லிவிடுகிறது!

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பதற்குக் காரணம் கடைசிவரை வாக்கருக்குக் கிடைக்கவில்லை. 1958 நவம்பர் 4 அன்று, 90 வயதில் இறந்தார். உலக வானிலைக்கு ஒரு கோட்பாடு இந்த அட்டவணைகளில் இருந்து வரும் என்ற அவர் நம்பிக்கை பலித்ததாகத் தெரியவில்லை என்று இரங்கல் குறிப்பிலேயே எழுதினார்கள். அவர் இறந்துகொண்டிருந்த அதே நேரத்தில் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பசிபிக்கில் ஒரு பெரிய எல் நினோ வந்து, கப்பல்களும் தீவு நிலையங்களும் அதை அளந்துகொண்டிருந்தன. அந்தத் தரவை வைத்து ஜேகப் பியர்க்னிஸ் 1969ல் முடிச்சை அவிழ்த்தார். பசிபிக்கின் மேற்கில் கடல் சூடு, கிழக்கில் குளிர்ச்சி. சூடான பக்கம் காற்று மேலேறுகிறது, குளிர்ந்த பக்கம் இறங்குகிறது, கடல்மட்டத்தில் கிழக்கில் இருந்து மேற்காக வீசுகிறது. கிழக்குப் பக்கம் சூடானால், அதாவது எல் நினோ வந்தால், இந்தச் சக்கரம் தளர்கிறது, சீசா மறுபக்கம் சாய்கிறது. அந்தச் சக்கரத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் வைத்தார் பியர்க்னிஸ்.

சரி, மெட்ராஸுக்கு இதில் என்ன?

எல் நினோ என்றாலே வறட்சி என்று வடநாட்டு சேனல்கள் அலறும். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் நம் கணக்கு வேறு. சென்னையின் வருஷ மழை ஏறக்குறைய 140 செ.மீ.; அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுவது. அந்த ஐப்பசி கார்த்திகை மழைக்கு எல் நினோ பெரும்பாலும் நண்பன். அந்த மாதங்களில் வங்கக்கடலின் தென்பகுதியில் கிழக்குக் காற்று வலுத்து, ஈரத்தை நம் கரைக்குத் தள்ளுகிறது. லா நினா வருஷங்களில் பெரும்பாலும் எதிர்மாறு. நாடு முழுவதையும் ஒரே மழையாகப் பார்க்கக் கூடாது, பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும் என்று வாக்கர் பிடிவாதமாக இருந்ததன் அருமை இங்கேதான் புரியும்.

2015 ஒரு பாடப்புத்தக உதாரணம். பலமான எல் நினோ. நாடு முழுக்க தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைவு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோ சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு. அதிக மழைக்கு வாய்ப்பு அதிகம் என்று வானிலைத் துறை அந்த அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. ஆனால் மூன்று மாத மழையில் எவ்வளவு டிசம்பர் 1 என்ற ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. ஆக விழும் என்று எந்த அலைவும் சொல்லாது. அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த வருஷம் பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டு மழை 62 சதவீதம் குறைவு.

இப்படியே போனால் நல்லாத்தான் இருக்கும். 2018ல் பசிபிக் எல் நினோ பக்கம் சாய்ந்தும் மழை ஏமாற்றியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மயிலாப்பூர் தெருக்களில் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களிடம் போய் இது எல் நினோ வருஷம், மழை நன்றாகப் பெய்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். 2021ல் நேர்மாறு: லா நினா வருஷம், விதிப்படி மழை குறைய வேண்டும்; 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. இந்தியப் பெருங்கடலுக்கென்று தனி சீசா இருக்கிறது, வங்கக்கடலில் எந்தப் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது தனி விஷயம்.

ஒட்டுறவுக் கெழு 0.5 என்றாலே மழையின் ஏற்ற இறக்கத்தில் கால் பங்கைத்தான் அது விளக்குகிறது. ஸ்கொயர் பண்ணிப் பார்த்தால் தெரியும். மீதி முக்கால் பங்கு வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொரு அட்டவணையிலும் வாக்கர் இந்த மீதியையும் சேர்த்தேதான் பார்த்தார். 2021 நவம்பரில் அந்த மீதி தி.நகருக்கு வந்தது. 1923ல் தூர்த்த ஏரியின் மேல் நிற்கும் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, மோட்டார் வைத்து இறைத்தார்கள்.